உப்புச் சாலையில் பிறந்த டயர்

1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் நவம்பர் பிறந்துவிட்டால், கார் வைத்திருந்த வீடுகளில் ஒரு வேலை தப்பாமல் நடக்கும். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்குவார்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, ஆழமான வெட்டுகள் கொண்ட பனி டயர்களை மாட்டுவார்கள். குட்இயர் நிறுவனத்தின் சபர்பனைட், ஃபயர்ஸ்டோனின் டவுன் அண்ட் கன்ட்ரி ஆகியவை அன்றைக்குப் பெயர்பெற்ற பனி டயர்கள். முன் சக்கரங்களைப் பெரும்பாலும் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்ஜினின் விசை பின் சக்கரங்களுக்குத்தான் போனது. வீட்டு வாசலில் பனியில் புதைந்து நிற்காமல் வண்டி நகர்ந்தால் போதும் என்பதே அன்றைய கவலை. வசந்தம் வந்ததும் பனி டயர்களைக் கழற்றி கராஜின் மூலையில் அடுக்கிவிடுவார்கள்.

ஒரு தலைமுறைக்குள் இந்த வழக்கம் பெருமளவு மறைந்துவிட்டது. ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே கார்களில் 'ஆல் சீசன்' டயர் இருந்தது. வெயில், மழை, பனி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்று மக்கள் நம்பினார்கள். பிறகு 2008ல், வட அமெரிக்காவின் ஒரு மாகாணம் அந்த நம்பிக்கைக்கு எதிராகச் சட்டமே போட்டது.

ஆல் சீசன் டயரை மோசமான டயர் என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சாலையை மனத்தில் வைத்து அதைச் செய்தார்களோ, அந்தச் சாலையில் அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அது பனி மூடிய சாலை அல்ல. பனியை வாரித் தள்ளி, உப்பைக் கொட்டி, கறுப்புத் தார் தெரியும்படி வைத்திருக்கும் சாலை. இந்த டயரின் வரலாற்றைச் சொல்வதென்றால் அந்த உப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காருக்கும் பனிக்குமான சண்டை காரின் பிறப்போடு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் சேற்றிலும் பனியிலும் சிக்கினால் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிப் பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரைச் சேர்ந்த ஹாரி வீட் அந்தக் கயிற்றின் இடத்தில் சங்கிலியை வைத்து 1904ல் காப்புரிமை பெற்றார். மலைச்சாலைகளில் இன்றும் புழங்கும் டயர் சங்கிலிக்கு அதுவே மூலம். சங்கிலி கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வேகமாகப் போக முடியாது. தார் வெளியே தெரிகிற இடத்தில் அது சாலையையும் கெடுக்கும், டயரையும் கெடுக்கும். மாட்டுவதும் கழற்றுவதும் விரல் விறைக்கும் குளிரில் மண்டியிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சாலைகளில் உப்புப் போடுவதைப் பொதுக் கொள்கையாக ஏற்றது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளில் கொட்டிய உப்பு சுமார் 5,000 டன். போருக்குப் பிறகு புறநகர்கள் வளர்ந்தன, வேலைக்குப் போக காரே கதி என்றானது. பனி பெய்த சில மணி நேரத்துக்குள் சாலை வெறும் தாராகத் தெரிய வேண்டும் என்பது அரசுகளின் கடமையாகிவிட்டது. 1950களின் நடுவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இருந்த உப்பு, அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் ஒரு கோடி டன்னை நெருங்கியது.

அந்த உப்பு பாலங்களின் இரும்பைத் தின்றது, கார்களின் அடிப்பாகத்தை அரித்தது, ஓடைகளில் கலந்தது. அதோடு, குளிர்காலம் என்றால் ஓட்டுநருக்கு என்ன என்பதையும் மாற்றிவிட்டது. நகரத்தில் இருப்பவரின் சக்கரம் குளிர்காலத்தில் பெரும்பாலான நேரம் ஈரத் தாரின் மேல்தான் உருண்டது. இரைச்சல் போடும், பெட்ரோல் குடிக்கும், தாரில் சீக்கிரம் தேயும் பனி டயரை நான்கைந்து மாதம் சுமந்துகொண்டு திரிவது வீண் என்று பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சாதாரண உப்பு எந்தக் குளிரிலும் வேலை செய்வதில்லை. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். கியூபெக்கிலும் வட ஒன்டாரியோவிலும் மைனஸ் 20 என்பது சாதாரணம். அந்த நாட்களில் உப்பு கைகொடுக்காது. வெறும் மணலைத் தூவுவார்கள், பனி இறுகிப் பலகை போலக் கிடக்கும்.

அப்படிப்பட்ட இடங்களுக்கு 1960களில் இன்னொரு வழி வந்தது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த ஆணி டயர். ரப்பருக்குள் டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு ஆணிகளைப் பதித்திருப்பார்கள். பனிக்கட்டியின் மேல் அது கொடுத்த பிடிப்பு அதுவரை யாரும் காணாதது. ஆனால் தார் தெரியும் சாலையில் அதே ஆணிகள் உளி போல வேலை செய்தன. சில ஆண்டுகளிலேயே நெடுஞ்சாலைகளில் சக்கரம் உருளும் தடம் மட்டும் பள்ளமாகி, மழை பெய்தால் அதில் நீர் நின்றது. 1971ல் மினசோட்டாவும் ஒன்டாரியோவும் ஆணி டயரைத் தடை செய்தன. உப்பால் சாலையைத் தாராக வைத்திருக்கும் கொள்கையும், தாரைக் கிழிக்கும் டயரும் ஒரே இடத்தில் வாழ முடியவில்லை.

ஆணி போனது, பனி டயர் அலுத்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் 1977ல் குட்இயர் டியெம்போவைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஆல் சீசன் ரேடியல் என்ற வகையின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படும் டயர் இது. பழைய குறுக்கிழை டயர்களைவிட ரேடியல் டயரின் அடிப்பரப்பு சாலையில் சீராகப் படியும். அதனால் பழைய பனி டயர் அளவுக்கு முரட்டு வெட்டுகள் இல்லாமலே ஓரளவு பனியைச் சமாளிக்க முடிந்தது. வண்டிகளும் மாறின. 1979 வசந்தத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே சைட்டேஷனையும் அதன் உடன்பிறப்புகளையும் முன் சக்கர இயக்கத்தோடு விட்டது. இன்ஜினின் எடை முழுதும் இயங்கும் சக்கரங்களின் மேலேயே உட்காரும். பனியில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது திடீரென்று எளிதாகிவிட்டது. நவம்பரில் ஜாக்கியைத் தேடியதற்குக் காரணமே அந்தக் கிளம்பல்தான். அது தீர்ந்ததும், குளிர்காலச் சிக்கலே தீர்ந்ததாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நிற்பதும் திரும்புவதும் கணக்கில் வராமல் போயின.

கார் கம்பெனிகளுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு 1975ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1985க்குள் ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்றது. எரிபொருளைச் சேமிக்க டயர் ஒரு நேர்வழி. உருளும்போது எவ்வளவு குறைவாக நெகிழ்ந்து சூடாகிறதோ, அந்த அளவுக்குப் பெட்ரோல் மிச்சம். ஆனால் பனிக்கட்டியில் பிடிக்க வேண்டிய ரப்பர் மென்மையாக நெகிழ வேண்டும். இரண்டுக்கும் ஒத்துப்போவது கடினம்.

கார் தொழிற்சாலையில் பொருத்தும் டயரைத் தேர்ந்தெடுப்பவர் காரை வாங்குபவர் அல்ல. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஒன்றின் புது டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் பக்கச்சுவரைப் படிக்கலாம். டயர் கம்பெனியின் பெயர், அளவு, சுமை எண் இவற்றுக்கிடையில் 'டி.பி.சி. ஸ்பெக்' என்று தொடங்கி நான்கு இலக்க எண் ஒன்று அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். பல டயர்களில் எண்ணின் பின்னே 'எம்.எஸ்.' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் கார் கம்பெனி டயர் கம்பெனிக்குக் கொடுத்த உத்தரவு. இத்தனை சத்தத்துக்கு மேல் கூடாது, உருளும் தடை இவ்வளவுதான் இருக்கலாம், ஈரத்தில் இவ்வளவு பிடிப்பு வேண்டும், இத்தனை எடை என்று ஒரு முழுப் பட்டியல் அதற்குப் பின்னால் இருக்கிறது. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவை. மற்ற நிறுவனங்களும் இதே போலத் தங்களுக்கென்று டயர்களைச் செய்து வாங்குகின்றன. கடையில் அதே பெயரில் தொங்கும் டயரும் தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்த டயரும் உள்ளுக்குள் வேறாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்றும் பொறிக்கப்படும் அந்தச் சேறு-பனி முத்திரையைத்தான் கோடிக்கணக்கானோர் குளிர்காலச் சான்றாக நம்பினார்கள். அது உண்மையில் வடிவக் கணக்கு மட்டுமே. அமெரிக்க ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த வரையறைப்படி டயரின் தரைபடும் பரப்பில் சுமார் கால் பங்கு வெற்றிடமாக, அதாவது வெட்டும் பள்ளமுமாக, இருக்க வேண்டும். விளிம்பில் வெட்டுகள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. அந்த டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எந்த ரப்பரால் செய்தார்கள் என்ற கேள்வியும் கிடையாது. டயர் கம்பெனியே அளந்து, தானே முத்திரையைக் குத்திக்கொள்ளலாம்.

ஆனால் குளிரில் விஷயமே ரப்பர்தான். மார்கழி விடியலில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் போல ரப்பர் கலவைக்கும் குளிர் ஏற ஏற இறுகும் தன்மை உண்டு. எந்த வெப்பநிலையில் எவ்வளவு இறுகும் என்பது கலவையைப் பொறுத்தது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கும் பொதுப் பயனுக்கும் செய்த டயர் விறைக்கத் தொடங்குகிறது என்பது டயர்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காது. குளிர்கால டயரின் கலவை மைனஸ் 20லும் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. அதே காரணத்தால் அது ஜூலை வெயிலில் குழைந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் கார்பன் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்த கலவையைக் கொண்டுவந்த பிறகு, உருளும் தடையைக் கூட்டாமலே ஈரத்திலும் குளிரிலும் பிடிப்பைக் கூட்ட முடிந்தது. இன்றைய நல்ல ஆல் சீசன் டயர் 1977ன் டயரைவிடப் பல படி மேலே நிற்பதற்கு இதுவும் காரணம்.

ரப்பருக்கு அடுத்தது, அதில் போடும் கத்தி வெட்டுகள். குளிர்கால டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும் முடியிழை போன்ற கீறல்கள் நெளிநெளியாக ஓடும். ஜான் சைப் என்பவர் 1923ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்க அவர் தம் செருப்பு அடியில் கீறிக்கொண்டதிலிருந்து வந்த யோசனை என்று சொல்வார்கள். டயர் உருளும்போது கீறல்கள் திறந்து பனியைக் கவ்வுகின்றன. கவ்விய பனி கீழே கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொள்கிறது. பள்ளங்களில் பனி அப்பியிருக்கும் குளிர்கால டயரைப் பார்த்து, துப்புரவாக இல்லையே என்று நினைக்கக் கூடாது. அந்தப் பனிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இறுகிய பனியில் ஒரு டயரின் உராய்வுக் கெழு 0.3 என்றும் இன்னொன்றின் கெழு 0.2 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு கார்களும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரே கோட்டில் பிரேக் பிடிக்கின்றன. முதல் கார் சுமார் 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது நிற்க 49 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அது இன்னும் 29 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சாலையைக் கடக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த 29 கிலோமீட்டர் போதும். நான்கு சக்கர இயக்கம் உள்ள பெரிய வண்டி வாங்கிவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. நான்கு சக்கர இயக்கம் கிளம்ப உதவும். பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரங்களே வேலை செய்கின்றன. அங்கே டயரைத் தவிர வேறு துணை கிடையாது.

வட அமெரிக்கா ஒரே டயரில் திருப்தியடைந்திருந்தபோது வேறு இடங்களில் குளிர்கால டயர் தனிக் கலையாக வளர்ந்துகொண்டிருந்தது. பின்லாந்தின் நோக்கியா ஊர்க்காரர்கள் 1934லேயே பனிச்சாலையில் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளுக்கென்று கெலிரெங்காஸ் என்ற டயரைச் செய்தார்கள். உலகின் முதல் குளிர்கால டயராக அதைச் சொல்கிறார்கள். இரண்டே ஆண்டில் கார்களுக்கான ஹாக்காபெலிட்டா வந்தது. அந்தப் பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. 1970களில் அங்கே வடபகுதி முழுக்க ஆணி டயர் பரவியது. பனி உருகிய நாட்களில் ஆணிகள் சுரண்டிய தார்த் தூசி காற்றில் எழுந்தது. செண்டாய் நகரில் அது தாங்க முடியாத அளவுக்குப் போனது. துணி உலர்த்த முடியவில்லை, மூச்சுவிட முடியவில்லை என்று மக்கள் எழுந்தார்கள். நகரத்தைப் பாலைவனம் என்றே அழைத்தார்கள். டயர் நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்த 1988ல் ஒப்புக்கொண்டன. 1990ல் ஆணி டயருக்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. ஆணி இல்லாமல் பனிக்கட்டியைப் பிடிக்கும் ரப்பர் உடனே தேவைப்பட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988ல் அறிமுகப்படுத்திய பிளிசாக் டயரின் ரப்பருக்குள் நுண்ணிய குமிழிகள் நிறைந்திருந்தன. பனிக்கட்டியின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலுக்குக் காரணம். குமிழிகள் அந்த நீரை உறிஞ்சி எடுக்க, ரப்பர் நேராகப் பனிக்கட்டியைத் தொட்டது. 1990களின் தொடக்கத்தில் அது வட அமெரிக்காவுக்கும் வந்தது. வட அமெரிக்காவில் ஆணி தடைபட்டபோது அந்த இடத்தை ஆல் சீசன் நிரப்பியது. ஜப்பானியர் தடை செய்தபோது அங்கே புதிய குளிர்கால டயர் பிறந்தது.

எம் பிளஸ் எஸ் முத்திரை போதாது என்பதை டயர் தொழிலே 1999ல் ஒப்புக்கொண்டது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த புதிய சின்னம் வந்தது. இதைப் பெற ஒரு டயர், இறுகிய பனியில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிக இழுவை காட்ட வேண்டும். முதல் முறையாக டயரை உண்மையில் பனிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்தச் சோதனையும் முழுமையானது அல்ல. அது கிளம்பும் இழுவையைத்தான் அளந்தது. பிரேக்கும் திருப்பமும் பனிக்கட்டியும் அதில் வரவில்லை. ஆகவே மலைச்சின்னம் உள்ள டயர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு நிறைய இருக்கிறது.

2008ல் சட்டம் போட்ட அந்த மாகாணம் கியூபெக். அங்கே சட்டத்துக்கு முன்பே பத்தில் ஒன்பது ஓட்டுநர்கள் தாமாகவே குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டாத அந்தப் பத்தில் ஒரு பங்கு வண்டிகள் குளிர்கால விபத்துகளில் 38 சதவீதத்தில் இருந்தன என்று மாகாணப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொன்னது. டயர் மாற்றாதவர்கள் வேறு விஷயங்களிலும் கவனக்குறைவானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் ரப்பரின் மேல் போடுவது சரியில்லை. இருந்தாலும் அந்த எண் அரசை அசைத்தது. 2008லிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்றானது. வாடகைக் கார், டாக்சி எதற்கும் விலக்கு இல்லை. மாட்டாமல் பிடிபட்டால் 200 முதல் 300 டாலர் அபராதம். 2014 டிசம்பரிலிருந்து மலைச்சின்னம் இருந்தே தீர வேண்டும் என்று விதி இறுகியது. 2019ல் தொடக்க நாள் டிசம்பர் 1க்கு முன்னே வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு இருக்கிறது. டீலரிடம் கார் வாங்கியவருக்கு ஏழு நாள் அவகாசம். தொழிற்சாலை போட்டு அனுப்பிய டயரோடு கியூபெக்கின் குளிர்காலத்தில் ஓட்ட அரசு விட்டுவைத்திருக்கும் காலம் அவ்வளவே. அதற்குள் புத்தம் புதுக் காரின் புத்தம் புது டயர்களைக் கழற்றி மார்ச் 15 வரை எடுத்து வைக்க வேண்டும். நான்கு டயர், முடிந்தால் தனி ரிம், ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுக் கூலி. அபார்ட்மென்டில் இருப்பவருக்கு வைக்க இடம் கிடையாது. டயர் கடையிலேயே வாடகை கொடுத்து வைக்க வேண்டும். மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இது கனமான செலவு. நான்கும் மாற்றுவது ஏன் என்று கேட்டு, பழைய நினைப்பில் இயங்கும் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. முன் சக்கர இயக்கக் காரில் அது ஆபத்து. முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் விலகி, திருப்பத்தில் வண்டி சுழன்றுவிடும்.

பக்கத்து ஒன்டாரியோவில் கட்டாயம் கிடையாது. அங்கே அரசு வேறு வழியில் போனது. குளிர்கால டயர் மாட்டுபவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்தது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இதே ஒன்டாரியோவின் டொராண்டோவிலும் ஸ்காபரோவிலும் குடியேறிய தமிழர்கள் 7 டிகிரியைக் கண்டறியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். வந்த காலத்தில் பலரிடம் இருந்தது பழைய கார், அதில் முந்தைய உரிமையாளர் ஓட்டித் தேய்த்த ஆல் சீசன். தேய்மானம் இங்கே பெரிய விஷயம். புதிதில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள டயர் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று பல இடங்களில் சட்டம் விடுகிறது. ஆனால் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரைப் பனிச்சாலையில் ஓட்ட வேண்டாம் என்பது கனடாவின் போக்குவரத்துத் துறை சொல்லும் அறிவுரை. பாதி தேய்ந்த ஆல் சீசன் கோடையில் இன்னும் இரண்டு வருடம் ஓடும். பனிக்கு அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆல் சீசனுக்கும் குளிர்கால டயருக்கும் நடுவில் இப்போது ஒரு வகை வளர்ந்திருக்கிறது. ஆண்டு முழுக்க ஓட்டலாம், மலைச்சின்னமும் இருக்கும். கடைக்காரர்கள் இதை 'ஆல் வெதர்' என்கிறார்கள். 2015ல் ஐரோப்பாவில் வந்த மிஷலின் கிராஸ்கிளைமேட் இந்த வகையைப் பெரிய சந்தையாக்கியது. மாநகரத்துக்குள்ளேயே ஓடி, பனி வாரியபின் கிளம்பும் வசதியுள்ளவருக்கு அது நியாயமான சமரசம். மைனஸ் 25ல் விடிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலை ஏறும் டிரக் டிப்போ ஊழியருக்கு அது போதாது.

ஜெர்மனி 2018 முதல் புதிதாகச் செய்யும் குளிர்கால டயருக்கு மலைச்சின்னத்தைக் கட்டாயமாக்கியது. பழைய எம் பிளஸ் எஸ் டயர்களுக்குக் கொடுத்த சலுகையும் 2024 செப்டம்பர் 30ஓடு முடிந்தது. கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளிலோ அக்டோபரிலிருந்து குளிர்கால டயர் தேவை என்று பலகை நின்றாலும், 3.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள எம் பிளஸ் எஸ் டயரை இன்றும் அந்த விதி ஏற்கிறது. ராக்கி மலைகளைச் சட்டத்தின் துணையோடு கடக்கிற அதே கார், அதே டயர்களோடு மாண்ட்ரியலில் பதிவாகியிருந்தால் டிசம்பரில் அபராதச் சீட்டு வாங்கும்.